புலமைப்பரிசிலுக்கு முற்பணம் எதற்கு?

கேள்வி: எங்கட மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படிக்கிறாள். அடுத்த வருடம் பரீட்சை. சாதாரண தரத்தில் கணிதம், வணிகம், தமிழ் எல்லாம் ஏ, ஆங்கிலம் மட்டும் சி. அவட அப்பா குத்தகைக்கு மூன்று ஏக்கர் வயல் செய்கிறார், வேறு வருமானம் இல்லை. தம்பி பத்தாம் ஆண்டு. வயல் செலவுக் கணக்கும் எங்கட ஊர் மாதர் சங்கத்துக் கணக்கும் மகள்தான் எழுதுகிறாள். போன மாதம் டவுனில் ஒரு நிலையத்தில், "வெளிநாட்டில் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தாறம், பதிவுக்கு 75,000 கட்டுங்க" என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறோம். புலமைப்பரிசிலை எங்கே தேடுவது, எப்படி எடுப்பது? எங்கட பக்கத்தில் கேட்க ஆளில்லை.
ஒரு தாய், படுவான்கரை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நகையை அடகு வைக்காதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

உண்மையான புலமைப்பரிசில் எதுவும் பெற்றோரிடம் இப்படி ஆயிரக்கணக்கில் முற்பணம் கேட்பதில்லை. இந்திய அரசு, ஜப்பான் அரசு, துருக்கி அரசு, கொரிய அரசு கொடுக்கிறவை எதற்குமே விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பிள்ளையே இருந்து படிவத்தை நிரப்பி அனுப்பலாம். டவுன் நிலையங்கள் "முழுப் புலமைப்பரிசில்" என்று விற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டுத் தனியார் கல்லூரியின் கட்டணக் கழிவுதான். நூற்றுக்கு ஐம்பது கழித்தாலும் மிச்ச ஐம்பது பல இலட்சம். சாப்பாடு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அதற்கு மேலே. படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கு ஒருவர் கூலி வாங்கினால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கூலியை வாங்கிக்கொண்டு அதற்குப் புலமைப்பரிசில் என்று பெயர் வைப்பதுதான் பிழை.

ஆனாலும் மனம் கேட்காமல் அந்த நிலையத்துக்குத் திரும்பவும் போவதென்றால், எழுத்தில் பதில் தரச் சொல்லிக் கேளுங்கள். பணம் தரப்போவது எந்த அரசு, எந்தப் பல்கலைக்கழகம்? அதன் சொந்த இணையத்தளத்தில் இந்தத் திட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? படிப்புக் கட்டணத்தைத் தவிர எதற்கெல்லாம் காசு தருவார்கள், எத்தனை வருடத்துக்கு? கிடைக்காவிட்டால் 75,000 திரும்பி வருமா? "இன்றைக்கே கட்டினால்தான் இடம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். விளம்பரத்தில் ஃபுல்பிரைட், செவனிங் என்ற பெயர்கள் இருந்தால் இன்னும் கவனம். இரண்டும் நல்ல புலமைப்பரிசில்கள்தான், ஆனால் பட்டம் முடித்தவர்களுக்கானவை. செவனிங்குக்கு அதற்கு மேல் இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இப்போது அவற்றால் ஒரு பயனும் இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நான் மாணவர் நலப் பிரிவொன்றில் நீண்டகாலம் இருந்தவன். என் கணக்கில், உங்கள் மகளுக்கு எட்டக்கூடிய புலமைப்பரிசில்களில் மிகப் பெரியது நம் நாட்டு அரச பல்கலைக்கழக இடம்தான். படிப்புக் கட்டணம் இல்லை. அதற்குமேல், மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. கலைப் பாடநெறிகளை விட்டால், பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நம் இரண்டு மாவட்டங்களும் அந்தப் பதினாறில் உண்டு. கொழும்புப் பிள்ளைக்கு இடம் கிடைக்காத ஓர் இசட் புள்ளி (பாடங்களுக்கிடையே சமப்படுத்திப் போடும் உயர்தரத் தெரிவுப் புள்ளி), இங்கே உள்ள பிள்ளைக்குப் பல பாடநெறிகளில் போதுமாக இருக்கும். வர்த்தகப் பிரிவுக்கு இது முழுதாகப் பொருந்தும்.

அதனால் பரீட்சை வருடத்தில் மகளின் நேரத்தைப் புலமைப்பரிசில் தேடலுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் போதும். மிச்சமெல்லாம் கணக்கீட்டுக்கும் பொருளியலுக்கும் வணிகக் கல்விக்கும்.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வரும். விண்ணப்பம் இணையத்தில், குறிப்பிட்ட சில வாரங்களுக்குள். அந்தத் திகதி போனால் போனதுதான், எவ்வளவு புள்ளி இருந்தாலும் எந்த அதிகாரியாலும் திறக்க முடியாது. நம் பக்கத்துப் பெற்றோர் செய்கிற ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். "பிள்ளை தூரம் போகவேணாம், வந்தாறுமூலையும் ஒலுவிலும் போதும்" என்று இரண்டே தெரிவை எழுதிவிட்டு இருந்துவிடுகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நல்ல இடங்கள்தான். ஆனாலும் திருகோணமலை வளாகம், யாழ்ப்பாணம், வவுனியா, ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று முகாமைத்துவமும் வணிகமும் உள்ள எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் எழுதட்டும். எழுதாத இடத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இடம் கிடைத்த பிறகுதான் மகாபொல என்ற அரச புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது 1981இல் சட்டமாக்கப்பட்ட நிதியம் அது. பிள்ளையின் புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். அதற்குள் வராத, வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பேர்சரி என்ற உதவுதொகை. இரண்டையும் ஒருசேர எடுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. இந்தத் தொகைகள் அரசின் திட்டத்தோடு மாறுபவை, மகள் விண்ணப்பிக்கிற வருடத்து அறிவித்தலைப் பாருங்கள். வருடத்துக்குப் பத்துத் தவணைதான். முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் போகும். ஆகவே நகையை எதற்காவது வைத்திருக்க வேண்டுமென்றால் அந்த முதல் அரை வருடத்துக்கு வைத்திருங்கள். மெத்தை, வாளி, பஸ் காசு, போர்டிங்குக்கு முற்பணம் எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வரும்.

இனிக் கடதாசி விஷயம். நம் பிள்ளைகள் புலமைப்பரிசிலை இழப்பது அதிகமும் இங்கேதான், புள்ளியில் அல்ல. அறிவித்தல் வந்து முடிவுத் திகதிக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் கிராம சேவையாளரைத் தேடி, பிரதேச செயலகத்துக்கு ஓடி, அதிபரின் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள். வாய்க்காலில் தண்ணி திறக்கிற அன்றைக்கு உழவு மெஷின் தேடினால் என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும், அதுதான் இதுவும். இன்றைக்கே ஒரு ஃபைலைத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலமும் பிரதியும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு (சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்தது), அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், பாடசாலையில் பெற்ற பரிசுகள், சங்கம், விளையாட்டு, சமூக வேலைக்கான கடிதங்கள், மகளின் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் ஃபோனில் தெளிவாக ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வைக்கட்டும். வெள்ளம் வருகிற ஊரில் கடதாசியை மட்டும் நம்பக் கூடாது.

பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து இடம் மாறி, தகப்பனின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதம். இது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வெளிநாட்டுத் தூதரகம் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடும். திருத்தம் செய்ய மாதக்கணக்காகும். ஆகவே இந்தப் பெரும்போகம் முடிவதற்குள் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள்.

வருமானச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயல் செய்கிற குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். மாத வருமானம் என்ன என்று படிவம் கேட்கும். சம்பளக்காரருக்கு அது ஒரு வரி, உங்களுக்கு அப்படியில்லை. மாசியில் நெல் விற்ற காசை அப்படியே எழுதினால் பெரிய மனுசர் போலத் தெரியும். "வருமானம் இல்லை" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்களே. சரியான வழி இதுதான். இரண்டு போகத்திலும் விற்ற நெல்லின் காசைக் கூட்டுங்கள். குத்தகை, உழவு, விதைநெல், உரம், எண்ணெய், வெட்டு மெஷின் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் வருவது உங்கள் மாத வருமானம். மகள் எழுதி வைத்திருக்கிற வயல் கணக்குக் கொப்பி இங்கே தங்கம் மாதிரி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிராம சேவையாளரிடம் போங்கள். அவர் எழுதிக் கொடுத்ததில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். அஸ்வெசும (வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் உதவுதொகை) கிடைக்கிறதென்றால் அதற்கான ஆதாரத்தையும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு படிவத்தில் 18,000, இன்னொன்றில் 35,000 என்று எழுதாதீர்கள். கூடினாலும் குறைந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே தொகை. ஊர்ச் சங்கங்களின் நேர்முகக் குழுக்களில் இப்போதும் இருக்கிறேன். இரண்டு படிவத்தில் இரண்டு வருமானம் கண்டால், பிள்ளை எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் குழுவின் முகம் மாறிவிடும்.

எங்கே தேடுவது? வாரத்தில் ஒருமுறை மானியங்கள் ஆணைக்குழுவின் தளம், கல்வி அமைச்சின் தளம், ஞாயிறு பத்திரிகைகளின் அறிவித்தல் பக்கம். பாடசாலை அலுவலகத்தையும் மறக்காதீர்கள். சில திட்டங்களின் கடிதம் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிபருக்கு மட்டும்தான் போகும், அது மேசையில் கிடந்தே காலம் முடிந்துவிடும். "சேர், புலமைப்பரிசில் கடிதம் ஏதும் வந்ததா?" என்று மாதம் ஒருமுறை கேட்கிற பிள்ளையை எந்த அதிபரும் மறக்க மாட்டார். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய வேலை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. அவரைப் போய்ப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

வெளிநாட்டுக் கதவுகளில் உங்கள் மகளுக்கு எவை பொருந்தும் என்று என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதலில் இந்தியா. நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்று ஒன்று உண்டு. வணிகம், பொருளியல், முகாமைத்துவம், விஞ்ஞானம், பொறியியல், கலை ஆகியவற்றில் இளமாணிப் பட்டத்துக்கு. மருத்துவம் இதில் இல்லை. படிப்புக் கட்டணம், மாதப்படி, தங்குமிடப்படி, வருடாந்தப் புத்தகப் பணம், விமானச் சீட்டு வரை தருவார்கள். நம் நாட்டுக் கல்வி அமைச்சும் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும் சேர்ந்து அறிவிக்கும். உயர்தரப் பெறுபேறு முக்கியம். இணையப் படிவத்தில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை தெரிவு செய்யலாம், ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பொறியியல் படிக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு ராஜீவ் காந்தி பெயரில் தனித் திட்டம் இருக்கிறது.

ஜப்பான் அரசின் இளமாணிப் புலமைப்பரிசில் மிகத் தாராளமானது. ஒரு வருடம் ஜப்பானிய மொழி படிப்பித்து, பிறகு நாலு வருடம் பட்டம். கட்டணம், விமானச் சீட்டு, மாதம் 117,000 யென். ஆனால் தெரிவாகிறவர்கள் மிகச் சிலர். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பரீட்சை உண்டு. மகளுக்குக் கணிதம் கை கொடுக்கும், ஆங்கிலம் இப்போதைய நிலையில் கொடுக்காது. கொரிய அரசின் திட்டமும் இதே மாதிரிதான், முதல் வருடம் மொழி.

துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்குக் காத்தான்குடி, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் முயற்சிப்பதுண்டு. எந்த மதத்தவரும் விண்ணப்பிக்கலாம், இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. இளமாணிக்கு 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். வழக்கமாகத் தை, மாசி மாதங்களில்தான் விண்ணப்பம் திறந்திருக்கும். நம் உயர்தரப் பெறுபேறு அதற்குப் பிறகுதான் வரும். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2025 சித்திரையில் வந்தது. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் விண்ணப்பிக்க இடம் உண்டு என்பதால், "ரிசல்ட் வரட்டும்" என்று இருந்துவிடாதீர்கள்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. பங்களாதேஷின் சிட்டகொங்கில் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் என்று ஒன்று 2008 முதல் இயங்குகிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பெண் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதே அதன் நோக்கம். பெரும்பாலானவர்களுக்கு முழுதாகவோ முழுதுக்குக் கிட்டவாகவோ உதவி கிடைக்கும். ஆங்கிலம் குறைவான பிள்ளைகளுக்கு பட்டப்படிப்புக்கு முன் ஆயத்த வகுப்பும் இருக்கிறது. இலங்கைப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதையும் இந்தியாவையும் மட்டும் குறித்து வைப்பேன்.

அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்கள், வெளிநாட்டுப் பிள்ளையின் வசதியைப் பாராமல் தெரிவு செய்து, தெரிவானால் குடும்பத்தால் கட்ட முடியாத முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. உண்மைதான். ஆனால் உலகத்தின் முதல் வரிசைப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் போட்டி. இந்த வருடம் மகளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை அதில் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலச் சி ஒரு பெரிய வெட்கம் இல்லை. ஆனால் மேலே சொன்ன எல்லாக் கதவிலும் அதுதான் முதலில் நிற்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தாலும் ஆங்கிலத்தில்தான். விலை கூடிய வகுப்பு வேண்டாம். உயர்தரத்துப் பொது ஆங்கிலப் பாடத்தைப் பிள்ளைகள் தட்டிக்கழிப்பது வழக்கம், மகள் அதை ஒழுங்காகப் படிக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சத்தமாக வாசித்து, அதில் கண்டதை ஐந்து வரியில் எழுதட்டும்.

ஊருக்குள்ளே உள்ள உதவிகளை நீங்கள் கடிதத்தில் கேட்கவே இல்லை. பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், அதன் லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் கிளைகள், ஊரவர் வெளிநாட்டில் வைத்திருக்கும் ஒன்றியங்கள், கோயில் நிர்வாகம், ரோட்டரி, லயன்ஸ். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஸகாத் நிதியங்களும். இவர்கள் பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை, கேட்கிறவருக்குத்தான் கொடுப்பார்கள். தொகை சிறியது, ஆனால் போட்டியும் குறைவு. அதிபரின் கடிதத்தோடு நேரே போய்க் கேளுங்கள். சில இடங்களில் உதவியைக் கொடுக்கும்போது பிள்ளையை நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிற பழக்கம் இருக்கிறது. எனக்கு அது அறவே பிடிக்காது. "நன்றிக் கடிதம் எழுதித் தருவாள், படம் வேண்டாம்" என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணியமானவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

இனி விண்ணப்பக் கடிதம். இதில்தான் பிள்ளைகளுக்கு இடையில் வித்தியாசம் தெரியும். நேர்முகக் குழுவின் மேசையில் ஒரு கட்டுக் கடிதங்கள் இருக்கும். பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும்: "நான் ஒரு வறிய குடும்பத்தில் பிறந்த மாணவி. சிறுவயது முதல் கல்வியில் ஆர்வம் கொண்டவள்." வகுப்பாசிரியரோ கொமினிகேஷன் கடைக்காரரோ எழுதிக் கொடுத்த கடிதம் என்பது வாசித்த உடனே தெரியும். வறுமை பொய் என்று யாரும் நினைப்பதில்லை, வருமானச் சான்றிதழ் அதைச் சொல்லிவிட்டது. குழுவுக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்தப் பிள்ளை யார், கையில் இருப்பதை வைத்து இதுவரை என்ன செய்திருக்கிறாள், இந்தக் காசு இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மகள் வயல் கணக்கும் மாதர் சங்கக் கணக்கும் எழுதுகிறாள் என்பது. வர்த்தகம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அவள் இப்படி எழுதலாம்:

"எங்கள் வயல் செலவை இரண்டு போகமாக நான் எழுதி வருகிறேன். உரத்தைக் கடனுக்கு வாங்கியதால் ஏக்கருக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று கணக்குப் பார்த்து அப்பாவுக்குக் காட்டினேன். ஊர் மாதர் சங்கத்தில் அங்கத்தவர்களின் சேமிப்பையும் கடனையும் பதிவு செய்வதும் நான்தான். பாடசாலையில் கணக்கீடு படித்த பிறகு அந்தக் கொப்பியின் வரவையும் செலவையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினேன்."

நான் எழுதியதை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். உண்மையில் அவள் என்ன செய்தாளோ அதை அவளுடைய சொல்லில், உண்மையான தொகைகளோடு எழுதட்டும். எத்தனை அங்கத்தவர், எவ்வளவு சேமிப்பு, எந்தப் போகத்தில் என்ன மிச்சம். செய்யாத ஒன்றையும் சேர்க்க வேண்டாம். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். கடைசிப் பந்தியில் காசு எதற்கு என்று கணக்காக எழுத வேண்டும்: விடுதிக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, குடும்பத்தால் முடிவது இவ்வளவு, குறைவது இவ்வளவு. "எனது எதிர்காலம் ஒளிபெற உதவுமாறு தாழ்மையுடன்" என்ற வரி இல்லாவிட்டால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். சிபாரிசுக் கடிதம் தரும் ஆசிரியருக்கும் இரண்டு வாரத்துக்கு முன்னரே சொல்லி, அவள் செய்தவற்றை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் "நற்பண்புகள் உடையவர்" என்ற பழைய வரிதான் வரும்.

நேர்முகத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும். நீங்களும் கூடப் போனால், கேள்விக்கு மகளைப் பதில் சொல்ல விடுங்கள்.

பட்டப்படிப்புக்குப் புள்ளி போதாமல் போனாலும் வழி அடைபடாது. தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியிலும் அட்டாளைச்சேனையிலும் ஆசிரிய பயிலுநர்களுக்கு மாதப்படி உண்டு. தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும், முதலைப் பிள்ளை கட்ட வேண்டும். அதைப் புலமைப்பரிசில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்து முடித்ததும் மாதாமாதம் கழிகிற கடன்தான் அது.

தம்பியையும் இப்போதே கவனியுங்கள். சாதாரண தரத்தை முதல் தடவையில் சித்தியடைந்து அரச பாடசாலையில் உயர்தரம் படிக்கிற வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நிதியம் புலமைப்பரிசில் கொடுத்து வந்திருக்கிறது. அண்மைய சுற்றுகளில் மாதம் 6,000 ரூபா, 24 மாதம் வரை. தெரிவு கல்வி வலயம் வலயமாக நடப்பதால், உங்கள் பிள்ளை போட்டியிடுவது தன் வலயத்துப் பிள்ளைகளோடு மட்டும். விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகும். மகளுக்கு இந்தச் சுற்றில் அறிவித்தல் வந்து, யாரும் சொல்லாமல் விட்டார்களா என்று முதலில் பாடசாலையில் விசாரியுங்கள். பிறகு தம்பியின் பெறுபேறு வருகிற வாரமே அதிபரின் அலுவலகத்துக்குப் போங்கள். மகளுக்காக எடுக்கிற வருமானச் சான்றிதழ் அதற்குள் பழசாகியிருக்கும், அவனுக்குப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டிவரும்.